மடக்கிய விரல் ஏன் நிமிர மறுக்கிறது?

காலையில் எழுந்ததும் மோதிர விரல் மடங்கியபடியே நின்றுவிடுகிறது என்றும், மறு கையால் பிடித்து நிமிர்த்தினால் ‘டக்’கென்ற சொடுக்குடன் விடுபடுகிறது என்றும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். வாயு பிடித்திருக்கிறது என்று வீட்டார் சொல்வதாகவும், சுளுக்கு எடுப்பவரிடம் போகலாமா என்றும் கேட்டிருந்தார். மருத்துவர்கள் ‘ட்ரிகர் ஃபிங்கர்’ என்று குறிப்பிடும் இந்தத் தொல்லை நாற்பது வயதைக் கடந்த பெண்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் அதிகம் காணப்படுகிறது. இதற்கும் வாயுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

விரல்களை மடக்கும் தசைகள் விரல்களில் இல்லை. முன்கையின் உட்புறத்தைப் பார்த்தபடி விரல்களை மடக்கி விரித்தால் அங்கே தோலுக்கு அடியில் தசைகள் அசைவது தெரியும். அங்கிருந்து புறப்படும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து, உள்ளங்கை வழியாக விரல் எலும்புகளில் போய்ச் சேர்கின்றன. தசை சுருங்கும்போது நாண் இழுபட, விரல் மடங்குகிறது.

இழுபடும் நாண் எலும்பை விட்டு விலகி, வளைவின் குறுக்கே வில்லின் நாணைப் போல் விறைத்து நிற்காமல் இருப்பது எப்படி? இந்த இடத்தில்தான் உடலின் கைவண்ணம் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. கட்டைவிரல் தவிர்த்த ஒவ்வொரு விரலிலும் ஐந்து வளையப் பட்டைகளும், அவற்றுக்கிடையே குறுக்காக ஓடும் மெல்லிய பட்டைகளும் சேர்ந்து, நாணை எலும்போடு ஒட்டிப் பிடிக்கும் ஒரு குழலை உண்டாக்குகின்றன. குழலின் உட்புறம் வழுவழுப்பான நீர் சுரக்கும் உறை இருப்பதால், விரலை முழுதாக மடக்கும்போது நாண் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தூரம் உரசலின்றி வழுக்கிச் செல்கிறது.

இவற்றுள் முதல் பட்டை, விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டுக்கு நேர் எதிரே, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் அமைந்திருக்கிறது. ஒரு பொருளை இறுகப் பற்றும்போது நாண் இதன் விளிம்பில்தான் வளைந்து அழுத்துகிறது. இந்த அழுத்தம் நாள்பட நீடிக்கும்போது பட்டையின் உட்புறத்தில் உள்ள நார்த்திசுச் செல்கள் குருத்தெலும்புச் செல்களின் தன்மையைப் பெறுவதை நுண்ணோக்கியில் காணலாம். அழுத்தத்தைத் தாங்குவதற்காகத் திசு தன் இயல்பையே மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றத்தால் பட்டை தடிக்க, குழலின் வாய் குறுகிவிடுகிறது. உரசும் நாணும் ஓரிடத்தில் திரண்டு முடிச்சாகிறது. 1850இல் பிரெஞ்சு மருத்துவர் அல்ஃபோன்ஸ் நோத்தா விவரித்தது இந்த முடிச்சைத்தான்.

பாவாடை நாடாவில் முடிச்சு விழுந்தால் அது துணிக்குழலின் வாயில் வந்து சிக்குமல்லவா? அதுவே இங்கும் நிகழ்கிறது. ஆனால் விரல் மடங்கும்போது சிக்காமல் நிமிரும்போது மட்டும் சிக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. மடக்கும் தசைகள் வலியவையாதலால் முடிச்சைக் குறுகிய வாய் வழியாக உள்ளங்கைப் பக்கம் இழுத்துவிடுகின்றன. நிமிர்த்தும் தசைகளுக்கோ அதைத் திரும்ப உள்ளே இழுக்கும் வலிமை போதவில்லை. மறு கை உதவும்போது முடிச்சு ஒரேயடியாக நுழைவதுதான் நாம் உணரும் சொடுக்கு. இரவு முழுவதும் விரல்கள் அசையாமல் மடங்கிக் கிடப்பதால் காலையில் இது மிகுதியாக இருக்கிறது.

நீரிழிவு உள்ளவர்களின் இரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரை, நாணுக்கும் பட்டைகளுக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகளோடு பிணைந்து அவற்றை விறைப்பாக்குகிறது. அதனால் விரல் சிக்குவதே சிலருக்குச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ள முதல் காரணமாக அமைகிறது. ஏற்கெனவே நீரிழிவுக்காக மருத்துவரிடம் சென்று வருபவர்கள் அடுத்த முறை கையையும் காட்ட வேண்டும். கைகூப்பும்போது விரல்கள் முழுதாக ஒட்டாமல் இடைவெளி விட்டால் அதையும் சொல்ல வேண்டும். அந்த ஐந்து நிமிடப் பேச்சில் விரலைப் பற்றிச் சொல்ல நம்மில் பலர் கூச்சப்படுகிறோம். அது தேவையற்ற கூச்சம்.

சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி விரலை வெடுக்கென்று இழுப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். உரசலால் தடித்த நாணை மேலும் உரசவைத்துக் குணப்படுத்த இயலாது. தொடக்க நிலையில் பளுவைக் குறைப்பதும், இரவில் விரலை நீட்டி வைக்கும் தாங்கி அணிவதும் சிலருக்குப் போதும். அடுத்த படி, உறைக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி. அது பலருக்குப் பயன் தருகிறது, ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள்கள் சர்க்கரை ஏறும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து முதல் பட்டையை வெட்டிவிடுகிறார்கள். இரண்டாம், நான்காம் பட்டைகளைத் தொடுவதில்லை. அவை போனால் நாண் எலும்பை விட்டு விலகிவிடும்.

வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளில் நல்ல தசைநாண்களை இடம்மாற்றிப் பொருத்தி உலகுக்கு வழிகாட்டினார். அத்தகைய மண்ணில் கை நோய்களுக்கான ஆய்வுக்கு இன்னும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உயிரைப் பறிக்காத நோய் என்பதாலேயே, நாள் முழுவதும் கையால் உழைப்பவர்களின் வலி பின்னுக்குத் தள்ளப்படலாகாது.

ஒன்றை மட்டும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. முள்ளோ ஊசியோ குத்திய பின் விரல் முழுவதும் வீங்கி, சிவந்து, சற்று மடங்கிய நிலையில் நின்று, நிமிர்த்தினால் தாங்க முடியாமல் வலித்தால், அது நாணின் உறைக்குள் கிருமி புகுந்ததன் அறிகுறி. கிருமி அந்தக் குழல் வழியாக விரைந்து பரவும் என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.