வீட்டில் இல்லாத ஒருவருக்கு மட்டும் வரும் கடிதங்கள்: என்ன செய்வது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டோடு போய் இருப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். ஆள் போன பிறகும் அவருடைய கடிதங்கள் தாய் வீட்டுக்கே வந்துகொண்டிருக்கும். லீசிங் நினைவூட்டல், காப்புறுதித் தவணை, வங்கிக் கடிதம். வரும்போது கொடுப்போம் என்று அலுமாரிக்கு மேலே வைத்தால், அடகு வைத்த நகையின் ஏல அறிவித்தல் திகதி கடந்துதான் அவர் கைக்குப் போகும்.

தபால்காரரிடம் வாயால் சொல்வது போதாது. அவர் லீவில் நின்றால் பதிலுக்கு வருபவருக்கு அது தெரியாது. பழைய விலாசத்துக்கு எந்தத் தபாலகம் விநியோகிக்கிறதோ, அவருடைய கடிதங்களைப் புதிய விலாசத்துக்குத் திருப்பிவிடும்படி அதன் தபாலதிபருக்கு எழுத்தில் கொடுங்கள். கடிதத்துக்கு உரியவரே ஒப்பமிட்டு, அடையாள அட்டைப் பிரதியும் இணைப்பது நல்லது. எவ்வளவு காலத்துக்குத் திருப்புவார்கள், கட்டணம் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதிகம் பிசகுவது பெயரில்தான். ஒரு தகப்பனின் பிள்ளைகள் எல்லாருக்கும் முதலெழுத்து ஒன்று. எஸ். குமாருக்கு எழுதிக் கொடுத்தால் எஸ். குமரனின் கடிதமும் சேர்ந்து போகும். அதனால் முழுப்பெயரை எழுதுங்கள். பழைய உறைகளை எடுத்து, ஒவ்வொரு நிறுவனமும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி அச்சிடுகிறதோ அப்படியே அதையும் சேருங்கள். "இவருடைய தபால் மட்டும், மற்றவர்களுடையது வழமைபோல" என்ற வரி கட்டாயம். புதிய விலாசத்தில் தபால் குறியீட்டை விடாதீர்கள். பிரதான வீதி இல்லாத ஊர் ஏது? எந்த ஊர் என்று காட்டுவது குறியீடுதான்: மட்டக்களப்பு 30000, களுவாஞ்சிக்குடி 30200, கல்முனை 32300.

இப்படிப் புதிய விலாசத்துக்குத் திருப்பிவிடுவது தற்காலிக ஏற்பாடுதான். அனுப்புகிறவர்களிடம் விலாசம் மாற வேண்டும், அதுவும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. வங்கியில் மாற்றினால் லீசிங் கம்பனியில் மாறாது. கணக்கு இலக்கத்தோடும், தேவைப்பட்டால் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழோடும் அவரே போய் மாற்ற வேண்டும். அடகுச் சீட்டு இருந்தால் முதலில் அங்கே.

அவர் எங்கே என்றே தெரியாவிட்டால் உறையைத் திறக்காமல் விலாசத்தின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, "இவர் இங்கில்லை, அனுப்பியவருக்குத் திருப்பவும்" என்று எழுதித் தபால்காரரிடம் கொடுங்கள். பேனையால் கிறுக்கி அழித்தால் யாருடைய கடிதம் என்று அனுப்பியவருக்கே விளங்காது. பெயரில்லாத விளம்பரத் தாள்களுக்கு இந்தப் பாடு எதற்கு, குப்பைக் கூடை போதும்.

பதிவுத் தபாலுக்கு அவருக்காக நீங்கள் ஒப்பமிட வேண்டாம். ஒப்பமிட்டால் கிடைத்ததாகவே பதிவாகும். ஆனால் அது நீதிமன்றக் கடிதமாக இருந்தால், வாங்காமல் விட்டதால் வழக்கு நிற்கப்போவதில்லை. ஆளின் தொடர்பு இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இறந்தவருக்கு வருவதை மட்டும் அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். ஊழியர் சேமலாப நிதி, காப்புறுதி, தெரியாத வங்கிக் கணக்கு எல்லாம் அந்த உறைகளில்தான் தெரியவரும். அனுப்பிய இடங்களைக் குறித்து வைத்து, இறப்புச் சான்றிதழின் பிரதியோடு ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். மூலப் பிரதியை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.