ஏஸ் ஜோடியை ஒளித்து வைக்காதீர்கள்

இந்த மாதத்தில் இது ஆறாவது. தன் போக்கர் ஆட்டத்தைப் (ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு விரியும் டெக்சாஸ் ஹோல்டெம்) பார்த்துத் திருத்தச் சொல்லி ஒருவர் அனுப்பியிருந்தார். மேலே ஒரு வரி: ‘ஏஸ் எனக்கு ராசியே இல்லை சார்’. கேஷ் கேம் (டோர்னமென்ட் அல்ல, நேரடியாகக் காசு வைத்து ஆடுவது), ஒன்பது பேர் மேசை, முன்னால் 100 பிக் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாகப் போடும் தொகை, இங்கே எல்லாக் கணக்கும் அதில்தான்). ஏஸ் ஜோடி வந்ததும் ரைஸ் செய்யாமல், அதாவது பந்தயத்தை ஏற்றாமல், சும்மா 1 பிளைண்ட் மட்டும் போட்டு லிம்ப் செய்திருக்கிறார். பின்னாலேயே மூன்று பேர் நுழைய, பிக் பிளைண்டில் இருந்தவர் கூடுதலாக எதுவும் போடாமலே ஃபிளாப் (முதலில் விரிக்கும் மூன்று பொதுச் சீட்டு) பார்த்துவிட்டார். ஃபிளாப் 9-8-6. பிக் பிளைண்டில் இருந்தவர் கையில் 7-5, ஐந்து முதல் ஒன்பது வரை வரிசை முடிந்துவிட்டது, ஜோடியை அது வெல்லும். நடுவில் வெறும் 5 பிளைண்ட் கிடந்த பந்தயப் பணத்துக்காக நம்மவர் மீதி 99-ஐயும் உள்ளே தள்ளிவிட்டார்.

ராசியாம்!

பெரிய கையை மறைத்து ஆடினால்தான் நிறைய வரும் என்ற எண்ணத்தை யார் விதைத்தார்களோ தெரியவில்லை. ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒரு முறைதான் வரும். ரைஸ் செய்தால் எல்லோரும் ஓடிவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஓடட்டுமே. ஏதோ ஒரு கையுடன் ஒரே ஒருவர் எதிரில் இருந்து, கடைசிச் சீட்டு வரை போனால், நூற்றுக்கு 85 முறை உங்கள் ஏஸ் ஜெயிக்கும். எதிரில் நான்கு பேர் என்றால் அது 56. எட்டுப் பேரும் வந்தால் சுமார் 35.

‘நான்கு பேர் காசில் 56 லாபம்தானே?’ என்று ஒரு கணக்குப் புலி உடனே கேட்பார். எல்லோரும் ஃபிளாப்புக்கு முன்பே ஆல்-இன் போனால், அதாவது முன்னால் இருப்பது மொத்தத்தையும் வைத்தால், லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஆளுக்கு 1 பிளைண்ட் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டீர்கள். அவர்களுடைய மீதி 99 எப்போது வரும்? பெரும்பாலும் உங்கள் ஜோடியை முந்திய பிறகுதான். முந்தாதவர் சீட்டைக் கீழே வைத்து ஃபோல்ட் செய்துவிட்டுப் போய்விடுவார். சின்ன ஜோடி வைத்திருப்பவருக்கு எட்டு, ஒன்பது தடவைக்கு ஒரு முறை ஃபிளாப்பிலேயே செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) விழும். அதற்கு அவர் கொடுத்த விலை 1 பிளைண்ட். (ரைஸ் செய்து பிளைண்ட் மட்டும் கிடைத்த கையை இதுவரை ஒருவர்கூட எனக்கு அனுப்பியதில்லை. அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை அல்லவா.)

சரி, என்ன செய்வது? 3 அல்லது 4 பிளைண்டுக்கு ரைஸ். முன்னால் லிம்ப் செய்தவர் ஒவ்வொருவருக்கும் இன்னொரு பிளைண்ட் சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது ஏற்கெனவே ரைஸ் செய்திருந்தால் அதைப்போல் மூன்று மடங்கு. ஃபிளாப்புக்கு அப்புறம் அவருக்கு முன்னால் நீங்கள் ஆட வேண்டிய இடமென்றால் நான்கு மடங்கு. ஏஸுக்கு ஒரு அளவு, மற்ற கைகளுக்கு ஒரு அளவு என்று மட்டும் வைக்காதீர்கள், கூர்ந்து பார்ப்பவர் இரண்டே நாளில் படித்துவிடுவார். பின்னால் ஒருவர் எதற்கெடுத்தாலும் ரைஸ் செய்கிறார் என்றால், அவருக்காக ஒரு முறை லிம்ப் செய்து காத்திருக்கலாம். அது விதிவிலக்கு, தயவுசெய்து அதையே வழக்கமாக்காதீர்கள்.

கிங், குயின், ஜாக் ஜோடிகளுக்கும் இதேதான், ஆனால் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். கிங் ஜோடி வைத்திருக்கும்போது ஃபிளாப்பில் ஏஸ் விழுவது 23 சதவீதம். குயினுக்கு மேல் ஒரு சீட்டு விழுவது 41, ஜாக்குக்கு 57. ஜாக் ஜோடியைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் அந்தக் கடைசி எண்ணை எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஃபிளாப்புக்கு அப்புறம் அது வெறும் ஒரு ஜோடி. மாலை முழுக்க வாய் திறக்காமல், அடுத்தவர் வைத்ததற்குச் சமமாகப் போட்டு ‘கால்’ மட்டுமே செய்துகொண்டிருந்த மனிதர் டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) திடீரென்று பெரிதாக ரைஸ் செய்தால், ஏஸையும் கீழே வையுங்கள். முன்னால் 200 பிளைண்ட் இருந்தால் இன்னும் சீக்கிரம் வையுங்கள். கேஷ் கேமில் பிளைண்ட் ஏறாது, அடுத்த கைக்குக் காத்திருக்கலாம்.

இனி கை அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரிவரில், அதாவது ஐந்தாவதாக, விழுந்த சீட்டைப் பற்றிய புலம்பலை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாப்புக்கு முன் எத்தனை பிளைண்ட் போட்டீர்கள், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், இதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பாதிப் பேருக்கு நான் பதில் எழுத வேண்டிய வேலையே இருக்காது.