பொட்டாசியமே இல்லாத சலைன் பொட்டாசியத்தை ஏற்றுவது எப்படி?

சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் நோயாளிக்கு எந்த டிரிப்ஸ் ஏற்றுவது? நெடுங்காலம் இதற்கு நார்மல் சலைன் எனும் 0.9% உப்புநீர்தான் விடை. புதிய சிறுநீரகம் சரியாக வேலை செய்யத் தொடங்கும்வரை ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடும். சலைனில் அது துளியும் இல்லையே என்ற எண்ணம். ஆனால் உடலுக்குள் நடப்பது வேறு.

0.9% சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் குளோரைடு. ரத்தத்திலோ சுமார் 100தான். லிட்டர் கணக்கில் ஏற்ற ஏற்ற குளோரைடு கூடி, அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் இறங்கி, ரத்தத்தில் அமிலம் மிகும். அமிலம் செல்லுக்குள் புகும்போது, உள்ளிருக்கும் பொட்டாசியம் ரத்தத்துக்கு வந்துவிடும். 2005இல் வெளியான 51 பேர் ஆய்வில், பொட்டாசியம் லிட்டருக்கு 6 மில்லிமோலைத் தாண்டியது சலைன் பெற்றவர்களில் 19% பேருக்கு. ரத்தத்தின் உப்புச் சேர்க்கையை ஓரளவு ஒத்த ரிங்கர் லாக்டேட் டிரிப்ஸ் பெற்றவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை.

ரிங்கர் லாக்டேட்டில் லிட்டருக்கு 4 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறதே? நோயாளியின் அளவு 5.5 என்றால், 4 உள்ள திரவம் அதை மேலே தள்ள முடியாது. இந்தக் கணக்கைப் பார்க்காமல் பாட்டில் லேபிளை மட்டும் பார்த்துப் பயந்ததுதான் பிழை.

அடுத்த சான்று இன்னும் வலுவானது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மூளைச்சாவு உள்ளிட்ட இறந்த கொடையாளர்களின் சிறுநீரகம் பெற்ற 808 பேரிடம் நடந்த பெஸ்ட் ஃப்ளூயிட்ஸ் ஆய்வு 2023இல் வெளியானது. முதல் 7 நாளுக்குள் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் சலைன் பிரிவில் 40%, ரிங்கர் லாக்டேட் போலவே ரத்தத்தின் உப்புச் சேர்க்கையை ஒத்த இன்னொரு திரவமான பிளாஸ்மாலைட் பிரிவில் 30%. டிரிப்ஸ் பாட்டிலை மாற்றியதற்கே இத்தனை பலன்!

பிளாஸ்மாலைட்டில் கால்சியம் இல்லை. ரிங்கர் லாக்டேட்டில் உண்டு. அதனால் ரத்தம் ஏற்றும் அதே குழாயில் அதை ஓடவிடக் கூடாது, ரத்தம் உறையலாம்.

எவ்வளவு டிரிப்ஸ் ஏற்றுவது என்பது தனிக் கதை. புதிய சிறுநீரகம் மணிக்கு 500 மில்லிக்கு மேல் சிறுநீர் கொட்டுவதும் உண்டு. முந்தைய மணிநேரச் சிறுநீரோடு 30 முதல் 50 மில்லி சேர்த்து ஈடுகட்டுவது ஒரு வழக்கம். இதையே கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தால், ஏற்றுவதால்தான் சிறுநீர் போகிறது என்ற நிலை வந்துவிடும். நுரையீரலில் நீர் கோக்கும். ரத்த அழுத்தம், எடை, மூச்சு ஆகியவற்றைப் பார்த்துக் குறைக்க வேண்டும். 5% டெக்ஸ்ட்ரோஸ் எனும் சர்க்கரை நீரால் மட்டும் ஈடுகட்டினால் சோடியம் சரியும், ஸ்டீராய்டு மருந்து வேறு ஓடுவதால் ரத்தச் சர்க்கரை எகிறும்.

சிறுநீர் திடீரென நின்றால் உடனே டிரிப்ஸை வேகப்படுத்தக் கூடாது. முதலில் கதீட்டரில் (சிறுநீர்க் குழாயில்) ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைப்பில்லை, நீர்ச்சத்தும் குறையவில்லை என்றால் தாமதிக்காமல் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன்: புதிய சிறுநீரகத்தோடு இணைத்த ரத்தக்குழாய் அடைத்திருந்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.