சைடு வீலுக்குக் கீழே ஒரு தீப்பெட்டி

காலாண்டு லீவு, ஆயுத பூசை, தீபாவளி என்று வரிசையாக வரும் நாட்களில், பாளையங்கோட்டையில் என் கடைக்கு ரிப்பேருக்கு வரும் பிள்ளைகள் சைக்கிளில் பாதி நான் விற்றதே கிடையாது. அட்டைப் பெட்டியில் வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் உட்கார்ந்து அப்பாவோ மாமாவோ வீடியோ பார்த்துப் பூட்டிய வண்டிகள். வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் 27 வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறவன் கண்ணில் பூட்டிய கோளாறுதான் முதலில் படும். பிள்ளையின் முழங்கால் சிராய்ப்பை அப்புறம்தான் பார்ப்பேன்.

போன மாதம் பெருமாள்புரத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கையில் 16 இன்ச் சிவப்பு வண்டி, பின்னால் அஞ்சு வயசுப் பையன். பையனுக்கு மேலுதடு வீங்கியிருந்தது.

"அண்ணாச்சி, சைடு வீல் மாட்டுன வண்டி இது. இதுல போயி விழுவானா?"

"விழுந்துட்டானே தம்பி."

வண்டியைக் கடை முன்னால் சிமெண்ட் தரையில் நிறுத்தினேன். பின் சக்கரத்துக்கு இரு பக்கமும் துணையாக மாட்டுகிற அந்தச் சின்னச் சைடு வீல் இரண்டும் தரையை அழுத்திக்கொண்டு நின்றன. அப்படியே நகர்த்தி, சிமெண்டும் பேவர் பிளாக்கும் சேருகிற இடத்தில் வைத்தேன். அங்கே ஒரு சின்னப் பள்ளம். சைடு வீல் இரண்டும் மேட்டில் ஏறிக்கொள்ள, பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. பழைய பில் காகிதம் ஒன்றை அதற்கடியில் விட்டேன், எங்கும் இடிக்காமல் மறுபக்கம் வந்துவிட்டது. பெடலை மிதித்தால் சக்கரம் சும்மா சுற்றுகிறது. முன் பிரேக் ஒயரோ மாட்டவே இல்லை. பையன் வீட்டு கேட் சரிவில் இறங்கும்போது பின் பிரேக்கைத்தான் பிடித்திருக்கிறான். பிரேக் பிடித்தது, சக்கரமும் நின்றது. அந்தச் சக்கரம் தரையில் இல்லை என்பதுதான் சங்கதி.

"மொதல்ல கொஞ்சம் மேலதான் இருந்துச்சு அண்ணாச்சி. வண்டி அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுச்சு. சரியா மாட்டலையோன்னு நாந்தான் எறக்கி விட்டேன்" என்றார்.

இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்த ஆட்டம் இருக்க வேண்டும். வண்டியை நிமிர்த்தி நிறுத்தினால் சைடு வீல் இரண்டும் தரையை விட்டுச் சற்று மேலே நிற்கணும். நான் வைத்திருக்கும் அளவுகோல் கோவில்பட்டித் தீப்பெட்டி. படுக்கப்போட்டால் வீலுக்கும் தரைக்கும் நடுவில் இடிக்காமல் நுழையணும், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ரொம்பத் தூக்கினாலும் ஆபத்து, பிள்ளை ஒரு பக்கமாகச் சரிந்தே ஓட்டும். சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கான ஐஎஸ்ஓ 8098 என்ற சர்வதேசத் தரவிதி 25 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்கிறது. நம் தெருக்கள் இருக்கிற லட்சணத்துக்கு நான் அவ்வளவு தூரம் போவதில்லை. இன்னொன்று: சைடு வீல் போட்ட வண்டியால் வளைவில் சாய முடியாது. வேகமாக வளைத்தால் வெளிப்பக்கமாகக் கவிழும். மெதுவாகத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள்.

சைடு வீல் கம்பியும் பின் சக்கரமும் ஒரே அச்சு நட்டில்தான் நிற்கின்றன. அளவை மாற்ற நட்டைத் தளர்த்தினால் சக்கரமும் நகரும், செயினும் தொங்கும். அதனால் இறுக்கும் முன் சக்கரம் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கணும். செயினை விரலால் தூக்கினால் அரை இன்ச் ஆடினால் போதும். கம்பி சுற்றிக்கொள்ளாமல் இருக்க, பல் வைத்த வாஷர் ஒன்று பெட்டியில் வரும். அந்தப் பல் பிரேமில் உள்ள வெட்டுக்குள் உட்காரணும். பெருமாள்புரத்து வண்டியில் அது இல்லை. கேட்டதற்கு, "மிஞ்சுன சாமான்னு டப்பால போட்டு வச்சிருக்கேன்" என்றார். பூட்டி முடித்தபின் சாமான் மிஞ்சினால் தயவுசெய்து வண்டியைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது இடது பெடல். பெட்டி வண்டிகளில் நான் அதிகம் பார்க்கிற சேதம் இதுதான். வலது பெடலுக்கு எல்லா நட்டையும் போல வலஞ்சுழி மரை, வலப்பக்கம் சுற்றினால் ஏறும். இடது பெடலுக்கு மட்டும் எதிர் மரை. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் இரும்பு இரும்பைத் தின்றுவிடும். பாதி ஏறினதும் "டைட்டா இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். நாலாம் நாள் பிள்ளை எழுந்து மிதிக்கும்போது பெடல் காலோடு வந்துவிடும். பெடலைத் தாங்குகிற கையான கிராங்கில் மரை போய்விட்டால் பெடல் மாற்றிப் புண்ணியமில்லை, கிராங்கையே மாற்றணும். பெடல் அச்சின் முனையில் எல், ஆர் என்று ஆங்கில எழுத்து பொறித்திருக்கும், வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மரையில் துளி கிரீஸ் தடவி, முதல் நாலு சுற்றை வெறும் விரலால் ஏற்றுங்கள். விரலுக்கு மசியவில்லை என்றால் அது தப்பான பெடல், அல்லது கோணலாக ஏறுகிறது. திசை மறந்துபோனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: எந்தப் பக்கமானாலும் முன் சக்கரத்தை நோக்கித் திருகினால் இறுகும்.

முன் சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கிற கவைதான் போர்க். அதைத் திருப்பிப் போட்டு வருகிறவர்களும் உண்டு. வளைவு முன்னாலும் பிரேக் முன்பக்கமும் இருக்கணும். திரும்பிக் கிடந்தால் திருப்பும்போது பிள்ளையின் பெருவிரல் முன் சக்கரத்தில் இடிக்கும், ஹேண்டிலும் நிலையில்லாமல் அலையும். ஹேண்டில் தண்டிலும் சீட் தண்டிலும் ஒரு கோடு போட்டிருக்கும். அது வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது. பிரேக் கட்டை ரிம்மைத்தான் கடிக்கணும், டயரைத் தொட்டால் நாளடைவில் டயரை அறுத்துவிடும். பிரேக் பிடியைப் பிள்ளையின் கை எட்டுகிறதா என்று நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. பல வண்டிகளில் பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதை உள்ளே ஏற்றினால் பிடி கிட்ட வரும். உங்கள் பெரிய கையால் அழுத்திப் பார்த்து "நல்லா பிடிக்கு" என்று சொல்லாதீர்கள், பிள்ளை அழுத்தட்டும்.

ஹேண்டில் நுனியைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயக்கம்தான். பல வருஷத்துக்கு முன் என் தங்கச்சி மகனுக்கு நானே பூட்டிக் கொடுத்த வண்டி. ஒரு பக்கம் கிரிப் கிழிந்து, குழாய் வெறும் வாயாகத் தெரிந்திருக்கிறது. "மாமா கடைக்குப் போறப்ப மாத்திக்கலாம்" என்று விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது நானும் பார்த்தேன், நானும் அப்படித்தான் விட்டேன். வண்டி சரிந்து அந்த நுனி வயிற்றில் குத்தியது. ரத்தம் இல்லை. தொப்புளுக்கு மேலே வட்டமாக ஒரு சிவந்த தடம், அவ்வளவுதான். சாயங்காலம் விளையாடக்கூடச் செய்தான். ராத்திரி வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு, குழாய் நுனிக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் கணையம் நசுங்கியிருக்கிறது என்றார்கள். பிழைத்து, இப்போது கப்பலில் வேலை பார்க்கிறான். அன்றிலிருந்து நுனி மூடாத கிரிப்பை நான் கடையில் வைப்பதில்லை. ஹேண்டில் வயிற்றில் குத்தி விழுந்த பிள்ளைக்கு, மேலே காயமே இல்லாவிட்டாலும், வயிற்று வலியோ வாந்தியோ வந்தால் ஓமவாட்டர் கொடுத்து விடியட்டும் என்று பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாங்கும்போது செய்கிற தப்பு வேறு. "ரெண்டு வருஷத்துக்கு வரும்ல அண்ணாச்சி, பெருசாவே குடுங்க." யூனிபார்ம் தைக்கிற கணக்கு. கால்சட்டை நீளமாக இருந்தால் மடித்துவிடலாம், சைக்கிளை எங்கே மடிப்பது? சக்கரம் 12 இன்ச் என்றால் மூன்று வயசுச் சுமாருக்கு, 14 இன்ச் நாலு, 16 இன்ச் அஞ்சு ஆறு, 20 இன்ச் ஏழு எட்டு என்பது குத்துமதிப்பு. வயசை விடக் கால் நீளம்தான் கணக்கு. சீட்டை அடிவரை இறக்கி உட்கார வைத்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியணும். பிள்ளையைக் கூட்டி வராமல் "சர்ப்ரைஸா குடுக்கணும்" என்பவர்களிடம் நான் விற்க யோசிப்பேன். எடையையும் தூக்கிப் பாருங்கள். பல 16 இன்ச் இரும்பு வண்டிகள் 10 கிலோவைத் தாண்டும், ஓட்டப்போகிற உருப்படியே 18 கிலோ இருக்கும். காற்றே தேவைப்படாத கெட்டி டயர் உடைமுள்ளுக்குப் பயப்படாது, வாஸ்தவம். பேவர் பிளாக்கில் ஓட்டினால் பல் கிட்டும்.

சைடு வீலை எப்போது கழற்றுவது? காது கொடுத்துக் கேளுங்கள். தீப்பெட்டி அளவுக்கு இடைவெளி விட்டிருந்தால், பிள்ளை நேராக நிமிர்ந்து ஓட்டும்போது சைடு வீல் தரையைத் தொடாது, சத்தம் வராது. ஆரம்பத்தில் தெரு முழுக்கக் கடகடவென்று போகிற வண்டி, நாள் போகப்போக நடுநடுவே சத்தமில்லாமல் ஓடும். அந்த அமைதி நீண்டால் நேரம் வந்துவிட்டது. ஒரு பக்க வீலை மட்டும் கழற்றச் சொல்லும் தாத்தாமார் உண்டு. வேண்டாம், பிள்ளை மிச்சமிருக்கிற பக்கமே சாய்ந்து பழகிவிடும். இரண்டையும் எடுங்கள், கூடவே பெடலையும். சீட்டை இறக்கிவிட்டால் பிள்ளை காலால் உந்தி உந்திப் போகும். 1817இல் ஜெர்மனியில் கார்ல் டிராய்ஸ் ஓட்டிய முதல் இருசக்கர வண்டிக்கே பெடல் கிடையாது, இப்படி உந்தித்தான் போனார். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து அடி போகத் தொடங்கிவிட்டால் பெடலை மாட்டிவிடலாம். வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு முட்டி பேர்ந்து பழகின எனக்கு, இதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

பூட்டிய வண்டியை ஒரு வாரம் ஓட்டியபின் எல்லா நட்டையும் இன்னொரு தடவை இறுக்கணும். புது பிரேக் ஒயரும் அதற்குள் கொஞ்சம் இளகியிருக்கும். பெருமாள்புரத்துத் தம்பியிடமும் சொல்லித்தான் அனுப்பினேன், இன்னும் ஆளைக் காணோம். இதைப் படித்தால் அந்த வாஷரையும் எடுத்துக்கொண்டு வரட்டும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை கடை உண்டு.