ப்ளூ டிக் விழுந்தா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தமில்ல

மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லுல 16 வருஷமா சூப்பர்வைசரா இருக்கேன். முன்னாடி ஷிப்ட் மாறறப்ப நெல்லு ஊற வைக்கிற தொட்டிகிட்டயே நின்னு பேசிப்போம், நாலு நெல்ல எடுத்து நசுக்கிப் பாத்துட்டு "அண்ணே, இத ரெண்டு மணிக்கு வடிச்சிருங்க"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. இப்ப எல்லாம் வாட்ஸ்அப் குரூப்புதான்.

போனை நான் குறை சொல்லல. களத்துல ஈரப்பத மீட்டரை போட்டோ எடுத்து அனுப்பிடறாங்க, 17 சதவீதம் தாண்டுதான்னு இங்கேருந்தே பாத்துட்டு லாரி விடறோம், எவ்வளவு டீசல் மிச்சம்.

ஆனா போன சம்பா அறுவடையப்ப ராத்திரி "மூணாம் தொட்டி வடிக்கணும்"னு நான் குரூப்புல போட்டேன். குரூப்புல எல்லாரும் பாத்தாதான் டிக் நீலமாகும், ஆயிடுச்சு, நானும் படுத்துட்டேன். காலைல மில்லு கேட்டுகிட்டயே புளிச்ச வாடை. பாய்லர்காரர் டிரையர் ஆளு பாத்துப்பார்னு இருந்திருக்கார், டிரையர் ஆளு பாய்லர்காரர் பாத்துப்பார்னு இருந்திருக்கார். ஊறல் நேரம் தாண்டின நெல்லு அரிசியானாலும் அந்த வாடை விடாது. யார் வடிக்கணும்னு பேர் போடாம விட்டது என் தப்பு.

அதவிட மோசம் அடுத்து நடந்தது. 23 பேர் இருக்கற குரூப்புல பாய்லர்காரரை மட்டும் திட்டி முதலாளி வாய்ஸ் நோட் போட்டுட்டார், பாய்லர்காரர் வீட்ல சாப்பிட்டுகிட்டே அதைப் போட்டுக் கேக்க, அவரு பொண்ணும் பக்கத்துல உக்காந்து கேட்டுச்சாம். தனியா கூப்பிட்டுத் திட்டியிருந்தா அன்னியோட போயிருக்கும். அப்புறம் ரெண்டு வாரம் ஸ்டீம் லைன்ல வால்வு கசிஞ்சும் மனுஷன் யார்கிட்டயும் மூச்சு விடல. ஒரு ஆள் வாய மூடிட்டா மில்லுக்கு எவ்வளவு ஆபத்துன்னு அப்பதான் புரிஞ்சுது.

2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப டவரும் இல்ல கரண்டும் இல்ல, சைக்கிள்ல ஆள் விட்டுத்தான் சேதி சொன்னோம், அப்பவும் யாருக்கு எது வேலைன்னு குழப்பமே வரல, ஏன்னா சொன்னவங்க மூஞ்சியப் பாத்து "சரி, நான் பாத்துக்கறேன்"னு ஒருத்தர் பதில் சொன்னாரு.

உங்க ஆபீஸ், கடை, சங்கம் எதுவா இருந்தாலும் வேலை சொல்றப்ப பேர் போட்டு சொல்லுங்க, அந்த ஆளு "நான் செய்யறேன்"னு திருப்பிப் போடற வரைக்கும் விடாதீங்க, அவசரம்னா மெசேஜ் வேணாம், கால் பண்ணுங்க. குட்மார்னிங்குக்கு தனி குரூப் வைங்க. திட்டணும்னா நேர்ல, தனியா.

இப்ப ஒவ்வொரு தொட்டிகிட்டயும் ஒரு ஸ்லேட்டு மாட்டியிருக்கோம், வடிச்சவரு பேரும் நேரமும் எழுதி அதை போட்டோ எடுத்துப் போடணும். முதலாளி பாய்லர்காரரை நேர்ல பாத்து வருத்தம் சொல்லிட்டார். முந்தாநாள் ராத்திரி 11 மணிக்கு பாய்லர்காரரே எனக்கு கால் பண்ணி "சார், பிரஷர் முள்ளு கொஞ்சம் ஆடுது, ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா"ன்னார்.