காமாலை ஊசி என்றால் எந்த ஊசி? (ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி)

சென்னையில் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ அடிபம்புத் தண்ணீரில் சாக்கடை வாடை வந்தால் அடுத்த பேச்சு 'காமாலை ஊசி' பற்றித்தான். "அதான் பொறந்தப்பவே போட்டாச்சே" என்று பதில் வரும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டதும், 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியோடு சேர்ந்து போனதும் ஹெபடைடிஸ் பி ஊசி. பி ரத்தத்தாலும் உடல் திரவங்களாலும் பரவுவது. குடத்துத் தண்ணீரில் வருவது ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ. ஏ-க்கான ஊசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. கேட்டு, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஈ-யை அது தடுக்காது.

காமாலை, வடமொழி 'காமலா'விலிருந்து வந்த சொல். கண்ணும் தோலும் மஞ்சளிப்பதைக் குறிக்கும். அது அறிகுறி, நோயின் பெயரல்ல. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஏ தொற்றினாலும் மஞ்சளிப்பதே இல்லை. ஆனால் மலத்தில் கிருமி போய்க்கொண்டிருக்கும்.

ஹெபடைடிஸ் கிரேக்கச் சொல்: 'ஹெப்பார்' கல்லீரல், 'இட்டிஸ்' அழற்சி. அழல் என்றால் தீ. அழற்சி அதில் பிறந்தது. ஏ, பி என்று பிரித்துப் பெயரிட்டவர் பிரிட்டிஷ் மருத்துவர் மெக்கல்லம், 1947-இல். இந்த எழுத்துகளை அ, ஆ என்று மாற்றுவதை ஏற்க முடியவில்லை. வாயால் சொல்லும்போது குறிலும் நெடிலும் குழம்பினால் ஊசியே மாறிப்போகும்.

வாக்சின், லத்தீனில் பசுவைக் குறிக்கும் 'வாக்கா'விலிருந்து வந்தது. 1796-இல் ஆங்கில மருத்துவர் ஜென்னர் மாட்டம்மையை வைத்துச் செய்த சோதனையின் அடையாளம். நம் ஊரில் 'அம்மை குத்துவது' என்றார்கள். தடுப்பூசி அதைவிடப் பொருத்தம், வாயில் விடும் சொட்டு மருந்துக்குப் பொருந்தாது என்ற ஒரு குறை தவிர. ஆக, தமிழில் சொன்னால் கல்லீரல் அழற்சி ஏ தடுப்பூசி.

இதிலும் இரண்டு வகை. செயலிழந்த கிருமியில் செய்தது தசையில் போடுவது: சின்னக் குழந்தைக்குத் தொடை, மற்றவர்களுக்குத் தோளுக்குக் கீழே மேற்கையில், புட்டத்தில் அல்ல. பிள்ளைகளுக்கு அரை மில்லி, பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு மில்லி. ஒரு வயது முடிந்ததும் முதல் தவணை, ஆறு மாதம் கழித்து இரண்டாவது. தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்டதைப் போட்டால் போதும். வீரியம் குறைத்த உயிர்க்கிருமி ஊசி தோலுக்கடியில், ஒரே தவணை. கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் ஆகாது.

மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். செயலிழந்த வகையில் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது. உறைந்தால் அது திரிந்து வீரியம் போய்விடும், உருக்கினாலும் மீளாது. மருந்துக்கடையில் வாங்கிக் கிளினிக்குக்கு எடுத்துப்போகிறவர்கள் ஐஸ் கட்டிமேல் நேராக வைத்து அதைத்தான் கெடுக்கிறார்கள். நடுவில் ஒரு துணி சுற்றுங்கள். செயலிழந்த வகையைக் குலுக்கினால் ஒரே சீராக வெண்மையாகக் கலங்க வேண்டும். திரிதிரியாக நின்றால் போடக் கூடாது. போட்டபின் அட்டையில் 'காமாலை' என்று எழுத விடாதீர்கள்: 'ஹெபடைடிஸ் ஏ', எந்த வகை, தேதி, பேட்ச் எண்.