இறப்புச் சான்றிதழில் ஒரு ஜனாதிபதி

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலும் அதை ஒட்டிய நகரங்களிலும் ஏழைகளின் கல்லறை அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி இருக்கும். சிமென்ட் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சவப்பெட்டியைத் தள்ளி, முகப்பைப் பூசிவிடுவார்கள். அங்குள்ளவர்களே அதை 'அபார்ட்மென்ட்' என்றுதான் சொல்கிறார்கள். வாடகையும் உண்டு, பெரும்பாலும் 5 வருஷத்துக்கு. கெடு முடிந்து பணம் கட்டாவிட்டால் எலும்புகளை வெளியே எடுத்துவிட்டு இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

2016 ஜூன் 30-ல் ரொட்ரிகோ டுடெர்டே ஜனாதிபதியானார். போதைப்பொருள் ஒழிப்பு என்று சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட பலர் இந்தப் பெட்டிகளில்தான் அடக்கமானார்கள். 2021 வாக்கில் கெடு முடியத் தொடங்கியது. பிளேவியானோ வில்லானுவேவா என்ற பாதிரியார் அந்தக் குடும்பங்களுக்கு உதவ முன்வந்தார். எலும்புகளை எடுத்து, எரிப்பதற்கு முன் தடயவியல் மருத்துவர் ராகேல் ஃபோர்ட்டுனிடம் ஒப்படைத்தார். 2022 ஏப்ரலில் ஃபோர்ட்டுன் தான் கண்டதை வெளியில் சொன்னார். அதுவரை பரிசோதித்த 46 பேரில் ஏழு பேருடைய இறப்புச் சான்றிதழில் இயற்கை மரணம் என்று எழுதியிருந்தது. நிமோனியா, செப்சிஸ், இரத்த அழுத்தம் என்று காரணங்கள். எலும்பிலோ குண்டு பாய்ந்த அடையாளம்.

நானும் பிரேதப் பரிசோதனை செய்கிற மருத்துவன்தான். மனித உரிமைக்காரர்கள் கொண்டுவரும் பழைய அறிக்கைகளைப் படித்துச் சொல்வதும் சில வருஷங்களாக என் வேலையில் சேர்ந்துவிட்டது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஒரு ஆட்சியைப் புரிந்துகொள்ள ஜனாதிபதியின் பேச்சைக் கேட்பதைவிட, அவர் ஆட்சியில் செத்தவனின் சான்றிதழில் 'காரணம்' என்ற கட்டத்தைப் படிப்பது மேல். டுடெர்டேயின் வாயைப் பற்றி உலகம் முழுக்க எழுதித் தீர்த்துவிட்டது. அந்தக் கட்டத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

எலும்பு எவ்வளவு பேசும்? மண்டையோட்டில் குண்டு நுழைந்த ஓட்டை வெளிப்பக்கம் சிறியதாகவும் உள்பக்கம் புனல் மாதிரி விரிந்தும் இருக்கும். வெளியேறிய ஓட்டையில் இது தலைகீழ். ஆக, குண்டு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பல வருஷம் கழித்தும் சொல்லலாம். எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பதுதான் சிக்கல். கிட்டத்தில் சுட்டால் தோலில் கரியும் வெடிமருந்துப் பொட்டுகளும் படியும், துணியிலும் படியும். தோல் அழுகிவிட்டால், துணியைத் தூக்கி எறிந்துவிட்டால், அந்தச் சாட்சியில் பெரும்பகுதி போயிற்று. 'நன்லாபான்', அதாவது எதிர்த்துத் தாக்கினான், என்பதுதான் பிலிப்பைன்ஸ் போலீஸின் வழக்கமான விளக்கம். அதைச் சோதிக்க முதல் நாளே உதவக்கூடிய ஆதாரம் அந்தக் கரி. ஐந்து வருஷம் பெட்டிக்குள் கிடந்த பிறகு அதை எங்கே தேடுவது?

போலீஸே ஒப்புக்கொண்ட கணக்கு, 2022 மே வரை தங்கள் நடவடிக்கைகளில் 6,252 சாவுகள். முகமூடி ஆட்கள் கொன்றவர்களையும் சேர்த்தால் 30,000 வரை போகலாம் என்பது மனித உரிமை அமைப்புகளின் மதிப்பீடு. இந்த இடைவெளியைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. நிமோனியா என்று எழுதியதெல்லாம் இந்தக் கணக்குகளில் வராமலே போகலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சரி, குடும்பங்கள் ஏன் கேட்கவில்லை? கேட்டால் யார் பதில் சொல்வது? முறையான பரிசோதனை செய்யத் தெரிந்த தடயவியல் நோய்க்குறியியலாளர்கள் அந்த நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். குண்டு என்று எழுதினால் போலீஸ், விசாரணை, சவ அடக்கத்துக்குத் தாமதம், செலவு. நோய் என்று எழுதினால் இன்றைக்கே அடக்கம். எங்கள் ஊரிலும் இந்த அவசரம் எனக்குப் பழக்கம்தான். 'உடம்பு சரியில்லாம இருந்தாருன்னு போட்டுடுங்க டாக்டர், நாளைக்கு அலைய முடியாது' என்று அழுதுகொண்டே கேட்ட மகன்களைப் பார்த்திருக்கிறேன். அதில் பாதிப் பேருக்குப் பின்னால் வேறு யாரோ நின்றிருப்பார்கள்.

ஆர்வலர்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். டுடெர்டேயை யாரும் திணிக்கவில்லை. அங்கே இரண்டாம் சுற்று வாக்கெடுப்பு கிடையாது. யார் அதிகம் வாங்கினாரோ அவர் ஜனாதிபதி, ஆறு வருஷம், ஒரே ஒரு முறை. 39 சதவீதத்தில் வந்தவருக்கு மக்கள் ஆதரவு இடையிடையே இறங்கினாலும் ஆட்சி முடியும்வரை உயரத்திலேயே இருந்தது. 2025 மார்ச் 11-ல் மணிலா விமான நிலையத்தில் கைதாகி, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகருக்குக் கொண்டுபோகப்பட்டார். இரண்டே மாதத்தில், சிறையில் இருந்தபடியே தவாவ் நகர மேயராக ஜெயித்தார். அந்தக் கைதும் நீதியின் வெற்றி மட்டுமல்ல. 2022-ல் அவர் மகள் சாராவோடு கூட்டுச் சேர்ந்து ஜெயித்து ஜனாதிபதியானவர், பழைய சர்வாதிகாரி மார்க்கோஸின் மகன். அவர் பிறகு அந்தக் குடும்பத்தோடு முறைத்துக்கொண்டார். இரண்டு குடும்பமும் ஒட்டியே இருந்திருந்தால் அந்த விமானம் கிளம்பியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

குடும்பச் சண்டையை நம்பி வழக்கு நடத்த முடியாது. தாளை நம்பித்தான் நடத்த முடியும். மார்க்கோஸ் அப்பா 1972-ல் கொண்டுவந்த ராணுவச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர 2013-ல் தான் சட்டம் வந்தது. 75,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஏற்கப்பட்டவர்கள் 11,103 பேர். மற்றவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நான் நம்பவில்லை. 40 வருஷம் கழித்து எந்தக் காகிதத்தைக் காட்டுவது?

அதனால் களத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது சின்ன விஷயம்தான். சான்றிதழின் நகலை அன்றைக்கே வாங்குங்கள். உடனடிக் காரணத்தோடு நிறுத்தாமல், கீழே இருக்கும் அடிப்படைக் காரணத்தையும் படியுங்கள். வெளிக்காரணச் சாவுக்கான இடம் காலியா என்று பாருங்கள். உடையைத் துவைக்க விடாதீர்கள். காற்றுப்போகிற காகிதப் பையில் வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்கில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காயத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள், அது இல்லையென்றால் ஒரு நாணயம் போதும்.

தவறாக எழுதினதைத் திருத்தவும் வழி இருக்கிறது, நீளமான வழி. 2016 டிசம்பரில் கலோகான் நகரில் யாரையோ குறிவைத்த குண்டு பட்டு 9 வயதுச் சிறுவன் ஒருவன் செத்துப்போனான். சான்றிதழில் மூச்சுக்குழாய் நிமோனியா என்றிருந்தது. அப்பா அதைத் திருத்தக் கேட்டு நீதிமன்றம் போனார். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர் விடவில்லை. கடைசியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், துப்பாக்கிக் காயம் என்று மாற்றச் சொன்னது.

அதே கலோகானில், லா லோமா கல்லறைத் தோட்டத்தில், 2024-ல் வில்லானுவேவா பாதிரியார் ஒரு நினைவிடம் திறந்தார். பரிசோதனை முடிந்து எரிக்கப்பட்டவர்களின் அஸ்திக் கலசங்களை அங்கே சுவரில் வரிசையாக வைக்கிறார்கள். அங்கே 5 வருஷக் கெடு கிடையாது.